கொசுப் புகைக்குத் தப்பும் செர்ரிகள்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் மலாயில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இன்று மாலை ஆறரை மணிக்குக் கொசுப் புகை அடிக்கப்படும். கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். உணவையும் மீன் தொட்டிகளையும் மூடிவிட்டுச் சிறிது நேரம் வெளியே இருங்கள். டிங்கி என்ற சொல்லுக்குக் கீழே யாரோ பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

நான் பார்க்கப் போன அக்கா அதைக் காலையிலேயே வாசித்துவிட்டார். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததும் நலம் விசாரிக்கவில்லை. "வாங்க தம்பி. சென்ட் கிண்ட் போட்டிருக்கீங்களா? கொசு மருந்து ஏதும் கையில தடவியிருக்கீங்களா? அப்ப முதல்ல சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்திடுங்க." கழுவிவிட்டு வந்தேன். அதன் பிறகுதான் தேநீர் வந்தது.

கூடத்தில், வெயில் நேராக விழாத சுவரோரம், இரண்டடி நீள இறால் தொட்டி. அறுபது லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் பிடிக்கும். நடுவில் ஒரு மரக்கட்டை, அதன் மேல் ஜாவா பாசி அடர்ந்து தொங்கியது. அடியில் கிரிப்டோகொரைன் செடிகள். கட்டையின் இடுக்குகளில் போர்னியோவிலிருந்து வரும் புசெஃபலாண்ட்ரா, கருநீலம் மினுங்கும் சின்ன இலைகளோடு. கிரிப்டோகொரைனில் பல வகைகள் மலேசியக் காட்டோடைகளிலேயே முளைப்பவை. ஆகவே இந்தத் தொட்டியில் செடிகள் உள்ளூர்க்காரர்கள், இறால்கள்தாம் வந்தேறிகள்.

முதல் பார்வைக்கு இறால் ஒன்றுகூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாசி தானாக அசைவதுபோல் இருந்தது. பிறகு ஒரு சிவப்பு, பக்கத்தில் இன்னொன்று. கண் பழகியதும் கட்டை முழுக்கச் சிவப்பு. பெரியது ஓர் அங்குலம் இருக்கும். எதுவும் சும்மா இல்லை. முன்னங்கால்களின் நுனியில் தூரிகைபோல் மயிர்க்கற்றை. அதைக்கொண்டு இலையைச் சுரண்டி வாயில் வைப்பதும் மறுபடி சுரண்டுவதுமாக ஓயாத வேலை. இலைமேல் படியும் பாக்டீரியா, பாசி, நுண்ணுயிர் எல்லாம் கலந்த மெல்லிய படலம்தான் இவற்றுக்குச் சோறு. தொட்டிக்குப் போடும் தீனி வெறும் தொடுகறி.

கடைக்காரர்கள் செர்ரி இறால் என்று சொல்லும் இனம் இது. நூலில் இதற்குப் பெயர் நியோகரிடினா டேவிடி. கிழக்கு ஆசியாவின் ஓடைகளில் இது பழுப்பாகவும் கண்ணாடியாகவும்தான் திரிகிறது. தைவானிய வளர்ப்பாளர்கள் சிவந்த குட்டிகளையே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து இந்த நிறத்தைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்தே மஞ்சள், ஆரஞ்சு, நீலம், கறுப்பு என்று குடும்பம் பெருகியது. சிவப்பிலும் படிநிலைகள் உண்டு. உடம்பில் திட்டுத்திட்டாகச் சிவந்தது வெறும் செர்ரி, அடர்ந்தது சகூரா, கால்வரை பூசியதுபோல் இருப்பது ஃபயர் ரெட். விலையும் அந்த வரிசையில் ஏறும்.

அக்கா ஒரு பெண் இறாலைக் காட்டினார். கழுத்துக்குப் பின்னே மஞ்சளாக ஒரு திட்டு. அது சூலகம், ஓட்டுக்கு வெளியிலிருந்தே தெரிகிறது. வளர்ப்பவர்கள் அதைச் சேணம் என்கிறார்கள். ஓட்டைக் கழற்றியதும் பெண் இறால் தண்ணீரில் ஒரு மணத்தைக் கலக்கும். ஆண்கள் அத்தனையும் பித்துப் பிடித்ததுபோல் தொட்டி முழுக்கச் சுற்றும். பிறகு முட்டைகள் வாலடிக்கு இறங்கும். இருபது முப்பது முட்டைகளை நீந்துகால்களால் விசிறிக்கொண்டே மூன்று நான்கு வாரம் சுமக்கும். வெளிவரும் குஞ்சு, அளவைத் தவிர எல்லாவற்றிலும் தாயை ஒத்திருக்கும், இரண்டு மில்லிமீட்டர்தான். இடையில் புழுப்பருவம் கிடையாது. அடுக்குமாடி வீட்டிலும் செர்ரி பெருகுவதற்கு இந்த ஒரு குணம் போதும்.

மணி ஐந்தரை ஆனதும் பேச்சு நின்றது. "கொஞ்சம் பிடிங்க தம்பி" என்று தடித்த பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு முனையை நீட்டினார். தொட்டியை மேலிருந்து தரைவரை போர்த்தினோம். ஓரங்களில் ஈரத் துண்டு. நான் வியந்தது அடுத்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான். தொட்டிக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டார் கூடத்தில் இல்லை, உள்ளறையில் இருக்கிறது. அங்கிருந்து நீளமான சிலிகோன் குழாய் கதவிடுக்கு வழியாகத் தொட்டிக்கு வருகிறது. புகை அடிக்கும் நாளில் அந்த அறையின் ஜன்னல் மட்டும் மூடப்படும், கதவிடுக்கில் துண்டு செருகப்படும். மோட்டார் அறையில் இருக்கும் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழ்விடும் சாதனம். காற்றில் மருந்து இருந்தால் மருந்தையும் சேர்த்து இறக்கிவிடும். அப்படியானால் நிறுத்திவிடலாமே என்றேன். "நிறுத்தலாம். ஆனா இந்தச் சூட்டுல எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று வெப்பமானியைக் காட்டினார். 28.5 பாகை.

அவர் கேட்டது சரியான கேள்வி. 20 பாகை நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் ஏழரைதான். சூடு ஏற ஏற இறாலின் உடலுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும், தண்ணீரிலோ அது குறைந்துகொண்டே வரும்.

கொசுப் புகையில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துதான் கலக்கிறார்கள். செவ்வந்தி இனப் பூவில் இருக்கும் ஒரு நஞ்சைப் பார்த்து ஆலையில் செய்த வேதிப்பொருள் அது. மனிதருக்கும் பூனைக்கும் வேறுபாடு பார்க்கிற மருந்துக்குக் கொசுவுக்கும் இறாலுக்கும் வேறுபாடு பார்க்கத் தெரியாது. இரண்டுமே மூட்டுக்காலிகள், நரம்பு வேலை செய்யும் விதம் ஒன்றே. காற்றில் நாம் உணராத அளவுகூடத் தொட்டியைக் காலிசெய்யப் போதும். அதனால் இந்த வீட்டில் கொசுவர்த்தி இல்லை, ஸ்ப்ரே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி உண்டு, அதுவும் பூசை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

புகை அடிப்பவர்கள் மேல் அக்காவுக்குக் கோபம் ஒன்றுமில்லை. நாட்டில் டிங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர், கோலாலம்பூரும் பின்தங்கவில்லை. தன் மாணவர்களில் ஒருவனை அந்தக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் அவர். அதைச் சொல்லிவிட்டு, துண்டின் ஓரத்தை இன்னொரு முறை அழுத்திவிட்டார்.

குளியலறையில் மூடிபோட்ட பெரிய நீலப் பீப்பாய் ஒன்று. தொட்டிக்கு மாற்றும் தண்ணீரை அதில்தான் பிடித்து வைக்கிறார். குளோரின் போக்க மருந்து கலந்து, ஒருநாள் கிடக்கவிட்டு, பிறகே எடுப்பார். பீப்பாய் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்துச் சுங்கை கோங்கில் தொழிற்சாலைக் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன; கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளில் குழாய் வறண்டது. அதற்குப் பிறகும் இந்த ஊரில் நீர்த்தடை புதிதல்ல. தடை முடிந்து முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக வரும். அதை யாரும் தொட்டியில் விடுவதில்லை. பீப்பாயில் மூடி இல்லாவிட்டால் வேறு வம்பு: 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, கொசுப்புழு இருந்தால் அபராதம் வீட்டுக்காரர் தலையில். இறால் கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னாது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். பஞ்சு வடிகட்டியின் குமிழ் நீர்ப்பரப்பை ஓயாமல் அலைக்கழிப்பதும், தொட்டிக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடியும்தான் காவல்.

புகை வண்டியின் இரைச்சல் கீழே கேட்டபோது நாங்கள் இருவரும் ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு கடையில் வடை தின்றுகொண்டிருந்தோம். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து மேலே போய் மின்விசிறியைப் போட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டு, கடைசியில் விரிப்பை விலக்கினோம். பாசி அசைந்துகொண்டிருந்தது. "சரி, நீங்க கிளம்புங்க தம்பி, கிள்ளான்ல நான் சொன்ன கடைக்கு வெள்ளன போங்க, மத்தியானத்துல தௌகே தூங்கப் போயிடுவாரு" என்றார்.

திரும்பும் வழியில் ஜாலான் தம்பிப்பிள்ளையைக் கடந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. மலாயாவின் நன்னீர் ஓட்டுடலிகளை ஆராய்ந்த விலங்கியலாளர் டி. எஸ். ஜான்சன் 1961இல் சில புதிய இறால்களுக்குப் பெயர் வைத்தார். அவற்றில் ஒன்று கரிடினா தம்பிப்பிள்ளை. நம் பெயர் தாங்கி மலேசிய நீரோடைகளில் வாழும் சின்னஞ்சிறு இறால். தெருவும் இறாலும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நான் முடிச்சுப்போட வரவில்லை. ஆனால் தைவான் சிவப்பையும் ஜப்பானின் சிவப்பு-வெள்ளை இறாலையும் தேடி ஓடும் நம்மவர்களில் இந்த உள்ளூர்த் தம்பிப்பிள்ளையை எத்தனை பேருக்குத் தெரியும்?

மறுநாள் கேஎல் சென்ட்ரலில் கம்யூட்டர் ரயில் ஏறினேன். சுபாங் ஜெயா, ஷா ஆலாம் தாண்டிக் கிள்ளான் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜாலான் தெங்கு கிளானாவில் புடவைக் கடைகள் அப்போதுதான் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தன. அங்கிருந்து கிராப் பிடித்து ஒரு தாமான் குடியிருப்பின் கடைவரிசைக்குப் போனேன்.

கடையின் முகப்பில் தங்கமீன்கள், பெட்டா புட்டிகள், ஆமைத் தீனி. இறால்களுக்கென்று பின்பக்கம் தனி வரிசை. முதலாளி கிள்ளான் ஹொக்கியன்காரர். மலாயில் பேசினார், இடையிடையே நமக்காக நாலு தமிழ்ச் சொல். இறால் வளர்க்கப் புதிதாக வருபவருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "ஜாங்கான் காச்சாவ்" என்றார். நோண்டாதே. அவ்வளவுதான். தொட்டியை அமைத்துச் செடிவைத்து, தண்ணீர் ஓடவிட்டு, இறாலே இல்லாமல் ஒரு மாதம் போல விட்டுவிட வேண்டும். அழுகும் இலையும் எச்சமும் அமோனியாவாகும். ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக்கும். அதைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். இந்தக் கூட்டங்கள் பஞ்சிலும் மண்ணிலும் குடியேறுவதற்குள் இறாலை விடுவதுதான் சாவுக்கு முதல் காரணம். வாங்குகிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தொட்டி, செடி, இறால் மூன்றையும் ஒரே மாலையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அடுத்த வாரம் மறுபடி இறால் வாங்க வருகிறார்கள். "வியாபாரத்துக்கு நல்லது, எனக்குத்தான் நல்லா இல்ல" என்று சிரித்தார். கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்றாலும், என்னிடம் அன்று எதையும் விற்க அவர் முயலவில்லை.

பேனா வடிவ டிடிஎஸ் கருவியைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துக் காட்டினார். 58. தண்ணீரில் கரைந்த உப்பும் தாதுவும் எவ்வளவு என்பதன் தோராயம் அது. பத்துமலைச் சுண்ணாம்புக் குன்றைப் பார்த்துவிட்டு இங்கே கடினநீர் என்று நினைப்பவர்கள் உண்டு. குழாயில் வருவது திதிவாங்சா கருங்கல் மலைகளில் பெய்யும் மழை, ஆறுகள் வழியாக. கல்லைக் கரைக்காமல் ஓடிவரும் மென்நீர். குடிக்கச் சுவை, துணி துவைக்கச் சுகம். ஓடு கட்டும் செர்ரிக்கோ பற்றாக்குறை. சுண்ணச்சத்தும் மக்னீசியமும் போதாத இறால் ஓட்டைக் கழற்ற முடியாமல் தலைக்கும் வாலுக்கும் நடுவே வெள்ளை வளையம் விழுந்து சாகும். அதற்கு இங்கே எளிய வழி ஒரு கைப்பிடி பவளப்பொடியைத் துணியில் கட்டி வடிகட்டிப் பக்கம் போட்டுவைப்பது. கடையில் அதற்கென்று தாதுப்பொடியும் விற்கிறார்கள். கருவியில் 150 முதல் 250 வரை காட்டினால் செர்ரிக்கு நிறைவு. கழற்றிய ஓட்டை அழுக்கு என்று எடுத்தெறியக் கூடாது. இறால்களே அதைத் தின்று சுண்ணத்தை மீட்டுக்கொள்ளும்.

அலமாரியில் மலிவாகவும் பயனாகவும் இருந்தது காய்ந்த கெதாப்பாங் இலைக்கட்டு. நம் ஊர் நாட்டு வாதுமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வண்டி நிறுத்துமிடங்களில் எல்லாம் உதிர்ந்து கிடக்கும் இலையைப் பத்துப் பத்தாகக் கட்டி மூன்று வெள்ளிக்கு விற்கிறார்கள். ஓர் இலை போட்டால் தண்ணீர் தேநீர் நிறம் எடுக்கும், கொஞ்சம் அமிலமாகும், அழுக அழுக அதன்மேல் படலம் வளரும். இறால் நரம்பை மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிடும். சாலையோரம் பொறுக்கினால் புகையும் மருந்தும் படிந்திருக்குமே என்பதற்காகத்தான் காசு.

இன்னொரு சிறு புட்டியைப் பார்த்ததும் எடுத்து வாசித்தேன். பிளனேரியாவைக் கொல்லும் தைவான் பொடி. முக்கோணத் தலையோடு கண்ணாடியில் ஊரும் தட்டைப்புழு அது. புதுக் குஞ்சுகளை வேட்டையாடும். பொடியின் மூலப்பொருள் பாக்குமரச் சாறு. பாக்கில் உள்ள அரிகோலின், நாய்களுக்கு நாடாப்புழு மருந்தாக நெடுங்காலம் கொடுக்கப்பட்டது. வெற்றிலைக் கடைகள் நிறைந்த ஊரில் அதைப் புட்டியில் அடைத்து இறக்குமதி செய்கிறோம். இதற்காகப் பாக்கை இடித்துத் தொட்டியில் போட்டுப் பார்க்க வேண்டாம். அளவு தெரியாத மருந்து புழுவோடு நிற்காது. அந்தப் பொடியே தொட்டியிலுள்ள நத்தைகளைச் சாய்த்துவிடும் என்று கடைக்காரர் எச்சரித்தார். மீன் நோய்க்கான மருந்துகளில் செம்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும் சொன்னார். செம்பு இறாலுக்கு ஆகவே ஆகாது. இறக்குமதிச் செடிகளில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கும் என்பதால் அவற்றை ஒரு வாரமாவது வாளியில் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசாமல் தொட்டிக்குள் விடுவதில்லையாம்.

மேல்தட்டில் காலியாக ஒரு பெரிய தொட்டி. அதில் ஒரு காலத்தில் லுவோ ஹான் இருந்தது என்றார். நெற்றி புடைத்த அந்தக் கலப்பின மீன் 1990களில் மலேசியாவில் உருவாக்கப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் கிறுக்குப் பிடித்ததுபோல் எல்லாரும் வாங்கினார்கள், உடம்பிலுள்ள கோடுகளில் லாட்டரி எண் பார்த்தார்கள். அந்த மீன் கடைசியில் சுலவேசித் தீவின் மத்தானோ ஏரிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆய்வாளர்கள் அதை 2012இல் எழுதினார்கள். அந்த ஏரியில்தான் வெள்ளைப் புள்ளிகளோடு செக்கச்சிவந்த கார்டினல் இறால் இருக்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. அறிவியல் பெயர் கிடைத்ததே 2009இல். நம் கூடங்களில் அழகுக்காக உருவான மீன் நம் கூடங்களுக்கு அழகாக வரும் இறாலின் வீட்டில் புகுந்துகொண்டது. கார்டினல் 28, 29 பாகைச் சூட்டில் சுகமாக இருக்கும். கோலாலம்பூருக்கென்றே பிறந்ததோ என்று தோன்றும். ஆனால் அதற்குக் காரத்தன்மை கூடிய ஏரிநீர் வேண்டும். நம் குழாய் நீர் அப்படியே சரிப்படாது.

மதியத்துக்கு முன்பே அங்கிருந்து கிளம்பி ஒரு வளர்ப்பாளரின் வீட்டுக்குப் போனேன். துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை செய்யும் இளைஞர். தொடர்வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் இடத்தைக் கூரைபோட்டு மூன்றடுக்கு இரும்புத் தட்டுகளாக்கியிருந்தார். ஒரே காற்று மோட்டாரிலிருந்து குழாய் கிளைபிரிந்து எல்லாத் தொட்டிக்கும் போகிறது. தட்டுக்கு ஒரு நிறம். சிவப்பு ஒரு தட்டு, மஞ்சள் ஒரு தட்டு, நீலம் கீழே. வலையும் தட்டுக்கு ஒன்று. "கலந்திச்சின்னா போச்சுண்ணே" என்றார். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா வராது. சில தலைமுறையில் ஓடையில் இருந்த பழைய பழுப்பே வரும். எத்தனையோ ஆண்டு பொறுக்கியெடுத்த வேலையை இயற்கை சில மாதத்தில் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

வெளுத்தவற்றை அவர் தனித் தொட்டிக்கு மாற்றுகிறார். அதற்கு மிக்ஸ் என்று பெயர், ஒன்று ஐம்பது காசு, பள்ளிப் பிள்ளைகள் வந்து வாங்குவார்கள். விற்காததை லோங்காங் சாக்கடையில் கொட்டிவிட்டால் என்ன என்று கேட்டதற்கு முகம் மாறியது. ஜெர்மனியின் கில்பாக் ஓடையில், மின்நிலையத்தின் சூடான நீர் கலக்கும் இடத்தில் இந்தச் செர்ரி குடும்பம் நடத்துவது கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே சூடான ஓரிடத்தில்தான் பிழைக்கிறது. இங்கே எந்த ஓடை சூடாக இல்லை?

உள்ளே ஓர் அறைக் கதவைத் திறந்தார். முகத்தில் குளிர்காற்று அடித்தது. இரவும் பகலும் ஏர்கான், 23 பாகை. கிறிஸ்டல் ரெட் இறால்கள் இங்கே. பால் வெள்ளையில் ரத்தச் சிவப்புப் பட்டை. தென்சீனத்துக் கறுப்பு-வெள்ளைத் தேனீ இறால்களை வளர்த்துக்கொண்டிருந்த ஜப்பானியர் ஹிசயாசு சுசுகி, 1990களின் தொடக்கத்தில், கூட்டத்தில் தற்செயலாகச் சிவந்து பிறந்தவற்றைக் கவனித்துப் பிரித்து வளர்த்தார். அதிலிருந்து வந்த வம்சம் இது. இந்த இனத்துக்கு முறையான அறிவியல் பெயர், கரிடினா லோகெமானி, 2014இல்தான் வந்தது. உலகெங்கும் விற்றுத் தீர்ந்த பிறகு!

இவை கேட்பது வேறு வகைத் தண்ணீர். ஆர்ஓ வடிகட்டியில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, குறிப்பிட்ட தாதுக்களை மட்டும் திரும்பச் சேர்த்து, அமிலமாக வைத்திருக்கும் சுட்ட மண் உருண்டைகளின் மேல் நிறுத்திய தண்ணீர். டிடிஎஸ் 100 முதல் 150. பிஎச் ஆறுக்குப் பக்கம். சூடு 25ஐத் தாண்டிவிட்டால் முட்டை உதிரும், பாக்டீரியா நோய் வரும். மின்விசிறியைத் தண்ணீருக்கு மேல் திருப்பிவைத்தால் ஆவியாகி இரண்டு மூன்று பாகை குறையும். செர்ரிக்கு அது போதும், கிறிஸ்டலுக்குப் போதாது. ஒன்று சில்லர் வாங்க வேண்டும், இல்லை அறையையே குளிரவைக்க வேண்டும். அவர் கணக்குப் போட்டு அறையைக் குளிரவைத்தார். ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குவதும் அங்கேதான். பாய் சுவரோரம் சுருட்டியிருந்தது. அம்மாவுக்கு மின்கட்டணத்தைப் பற்றிய கருத்து ஒன்று உண்டு. சமையலறையிலிருந்தே சொன்னார், அச்சில் போட வேண்டாம்.

என் அபிப்பிராயம் கேட்டால், கிள்ளான் பள்ளத்தாக்கில் முதல் தொட்டி வைக்கிறவருக்குச் செர்ரியே போதும். வெப்பமண்டலத்தில் இருந்துகொண்டு மலைக்குளிரை மின்சாரத்தில் செய்து அதில் ஓர் உயிரை நிறுத்திவைப்பதன் அழகு எனக்குப் புரிகிறது. ஒருநாள் மின்வெட்டு வந்தால் என்ன ஆகும் என்பதும் புரிகிறது. அந்த இளைஞரிடமே கேட்டேன். பதில் சொல்லாமல் குளிர்ப்பெட்டியைத் திறந்து, உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கியிருந்ததைக் காட்டினார்.

மூலையில் ஒரு தொட்டியில் கண்ணாடி நிறத்தில் பெரிய இறால்கள், பக்கவாட்டில் புள்ளிக்கோடு. அமானோ இறால். ஜப்பானின் நீகாத்தாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் தக்காஷி அமானோ, நீர்ச்செடித் தொட்டியை ஒரு கலையாக்கியவர், 1980களில் பாசி தின்பதற்காக இதைத் தொட்டிக்குள் கொண்டுவந்தார். 2015இல் அவர் இறந்தார். பெயர் இறாலோடு ஒட்டிக்கொண்டது. இந்த இறால் முட்டை சுமக்கும், குஞ்சு வரவே வராது. புழுப்பருவம் உப்புநீரில்தான் பிழைக்கும், நன்னீரில் சில நாளில் செத்துவிடும்.

இந்த முடிச்சை வேறொரு இறாலில் அவிழ்த்தவர் மலேசிய மண்ணில் வேலை பார்த்தவர். ஐநா உணவு வேளாண் அமைப்பின் நிபுணர் ஷாவ்-வென் லிங், பினாங்கு குளுகோர் ஆராய்ச்சி நிலையத்தில், 1961இல், ஊடாங் காலாவின் புழுக்களுக்கு உவர்நீர் வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தார். ஆற்றில் வாழும் பெரிய இறால் அது. முட்டை பொரிக்கக் கழிமுகத்துக்கு இறங்குகிறது. அதன் வாழ்க்கைச் சுற்றை முழுமையாகக் கரையில் நடத்திக்காட்டியபின், 1965இல் மலேசியாவிலிருந்து ஹவாய்க்கு இறால்கள் போயின. அங்கிருந்து உலகப் பண்ணைகள் பெருகின. கடையில் தட்டில் வரும் பண்ணை ஊடாங் காலாவுக்கும் இந்தக் கண்ணாடித் தொட்டிக்கும் பொதுவான பாடம் பினாங்கில் எழுதப்பட்டது. இளைஞருக்கு இது தெரிந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கடல் உப்புக் கலந்து, பச்சைப் பாசித் தண்ணீர் ஊற்றி, விளக்கை அணைக்காமல் அமானோ குஞ்சு எடுக்க முயன்றுகொண்டிருந்தார். டப்பாவில் தூசுபோல் ஏதோ தலைகீழாக மிதந்தது. "நாலு நாளாச்சுண்ணே. இன்னும் இருக்கு."

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. மஞ்சள் இருபது வேண்டும் என்று ஒரு பையன். வளர்ப்பாளர் சின்ன வலையால் கோரி வெள்ளைக் கிண்ணத்தில் விட்டார். எண்ணுவதற்குள் துள்ளி இடம் மாறின. பையில் தொட்டித் தண்ணீரே ஊற்றி, பற்றிக்கொள்ள ஒரு துணுக்குப் பாசி போட்டு, காற்றடைத்து ரப்பர் வளையம் போட்டார். வெளியே செய்தித்தாள் சுற்றினார், வெளிச்சம் படாமல் இருக்க. வீட்டுக்குப் போனதும் உடனே கொட்டாதே, பையைத் தொட்டியில் மிதக்கவிடு. பிறகு இறாலைத் தண்ணீரோடு கிண்ணத்தில் ஊற்றி, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, உன் தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு சொட்டாக ஒரு மணி நேரம் விடு. பைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்காதே. பையன் தலையாட்டினான். முப்பது வெள்ளி கொடுத்தான்.

பையில் இருபத்திரண்டு இருந்தன. வழியில் ஒன்றிரண்டு போகலாம் என்று கூடுதலாகப் போடுவது இந்த வியாபாரத்தில் வழக்கம்.